எந்தப் பத்து வீடு?

எங்கள் மாடிக்குப் பதினெட்டுப் படிகள். அந்த அம்மா வீடு பார்க்க வந்த அன்றே அதைச் சொல்லிவிட்டேன். குடிவருகிறவர்களிடம் எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிடுவது என் வழக்கம். பின்னால் குறை சொல்லக் கூடாது பாருங்கள். படி பதினெட்டு, ஜன்னல் ஐந்து, அதில் ஒன்று சாத்தாது, மின்விசிறி இரண்டு. தண்ணீர் மட்டும் கொஞ்சம் சிரமம், ஆனாலும் இந்தத் தெருவில் பத்து வீட்டுக்கு எட்டு வீட்டில் குழாய்த் தண்ணீர் ஏறிவிடும் என்றேன்.

"எந்தப் பத்து வீடு அண்ணாச்சி?" என்று கேட்டார்.

நான் முப்பத்து நான்கு வருஷம் புள்ளியியல் துறையில் இருந்தவன். வயலில் கயிறு கட்டிச் சதுரம் பிரித்து, அதற்குள் விளைந்த நெல்லை நிறுத்து, வட்டாரம் முழுமைக்கும் விளைச்சல் எழுதியவன். என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், நான் எண்ணிய பத்து வீடும் மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்திலுள்ள வீடுகள். எங்கள் வீடு தெருவின் கடைக்கோடி.

"மத்த வீடு கிடக்கட்டும். இந்த வீட்டுக்கு ஏறுமா?"

"ரெண்டு நாளைக்கு ஒரு தடவை."

"அது போதும்" என்று அன்றைக்கே சாவியை வாங்கிக்கொண்டார். இரண்டு வருஷமும் ஏழு மாதமும் எங்கள் மாடியில் இருந்தார். அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுத்தவர்கள் யாருக்கும் எங்கள் தாளில் பெயர் கிடையாது, எண்தான் என்று பெருமையாகச் சொல்வார். அந்த மரியாதை அவருக்கும் இருக்கட்டும்.

கடையநல்லூர்க்காரர். நாற்பதைத் தாண்டிய வயது. முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு கையில் ஐஸ் பெட்டியும் மறு கையில் படிவக் கட்டுமாகப் பதினெட்டுப் படியையும் நிற்காமல் ஏறுவார். வெளியூரிலிருந்த ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்காக எங்கள் பக்கத்தில் ரத்தம் சேகரிக்க வந்திருந்தார். என்ன ஆராய்ச்சி என்று கேட்டேன்.

"சுகர் இருக்கவங்க ஒரு பக்கம், இல்லாதவங்க ஒரு பக்கம். ரெண்டு பக்கத்து ரத்தத்துலயும் மரபணுவைப் படிப்பாங்க. எந்த அடையாளம் சுகர்காரங்ககிட்ட கூடுதலா இருக்குன்னு எண்ணுவாங்க. அம்புட்டுதான் அண்ணாச்சி. எண்ணுத வேலை. உங்க வேலைதான்."

அதைக் கேட்டதிலிருந்து அந்த ஆராய்ச்சியில் எனக்கும் ஒரு பங்கு இருப்பதாக நினைத்துக்கொண்டேன். தப்பு அங்கேதான் தொடங்கியது என்று சில நாள் தோன்றும். இல்லை என்றும் சில நாள் தோன்றும்.

அவரிடம் எதையும் பொதுவாகச் சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. புளியங்குடி பஸ் நான்கு வந்தால் மூன்று எங்கள் நிறுத்தத்தில் நிற்பதில்லை என்று மனு எழுதி, தெருவில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். இருபத்தாறு கையெழுத்து ஆகியிருந்தது. மாடிக்குப் போனேன்.

"எப்ப எண்ணுனீங்க?"

"தினமும் காலையில. பால் வாங்கப் போகையில."

"அந்நேரம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக அடைஞ்சு வரும். மத்தியான பஸ் நிக்குதே. நான் அதுலதான வாரேன்."

"நீங்க ஒரு ஆளு. நான் ஒரு மாசம் எண்ணியிருக்கேன்."

"ஒரு மாசமும் காலையில."

மனுவில் 'காலை வேளையில்' என்று சேர்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார். சேர்த்தபின் அந்த மனுவுக்கு இருந்த வேகமே போய்விட்டது. ஆனால் அதில் பொய் இல்லை என்பதையும் என்னால் மறுக்க முடியவில்லை.

எங்கள் ஊர் டாக்டர் ஒருவருக்கும் அதே கதிதான். வெளிநாட்டில்தான் சுகருக்கான அடையாளங்களைக் கண்டுபிடித்தாகிவிட்டதே, அந்தப் பட்டியலை வாங்கி இங்கே வைத்துப் பார்த்தால் போதாதா, எதற்கு மறுபடியும் ஊர் ஊராக ஊசி என்று கேட்டார். நானும் அங்கே இருந்தேன்.

"அது அங்க உள்ள ஆளுகளுக்குள்ள எண்ணுனது டாக்டர். சிலது நமக்கும் ஒத்து வரும். சிலது வராது. எது எதுன்னு இங்க எண்ணாமத் தெரியாது."

"மனுஷன் எல்லாம் ஒண்ணுதானம்மா?"

"ஒண்ணுதான். ஆனா அந்த அடையாளம் சுகரைக் கொண்டு வருத ஆளு இல்ல. பல நேரம் அந்த ஆளுக்குப் பக்கத்து வீட்டுக்காரன். அங்கன பக்கத்து வீட்ல இருக்கவன் இங்கன பத்துத் தெரு தள்ளிக் குடியிருக்கலாம். கதவைத் தட்டி ஆள் மாறிப் போயிரும்."

டாக்டர் தலையாட்டினார். எனக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் பொறுமையாகச் சொன்னார். மூன்றாவது முறை புரிந்த மாதிரி இருந்தது. மறுநாள் என் மனைவிக்கு விளக்கப் போனபோது அது காணாமல் போயிருந்தது.

அவருடைய இந்தக் குணம் எனக்குப் பிடித்திருந்ததா என்று இன்றும் உறுதியாகச் சொல்ல வரவில்லை. ஒரு கல்யாண மண்டபத்தில் ரத்தம் எடுக்கும் முகாம் நடந்தது. படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியை அவர் எல்லோரிடமும் கேட்டார். அப்பாவைப் பெற்ற இரண்டு பேர், அம்மாவைப் பெற்ற இரண்டு பேர், நான்கு பேரும் எந்தெந்த ஊர்? பதிலை ஒரு நீல அட்டை நோட்டில் எழுதிக்கொண்டார். எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். சிவகிரிக்காரர் ஒருவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

"ஏன் தாயி சுத்தி வளைக்க? என்ன ஆளுகன்னு நேராக் கேளேன்."

"நீங்க என்ன ஆளுகன்னு எனக்கு வேண்டாம் அண்ணாச்சி. உங்க வீட்டுக்கு எங்கெங்க இருந்து பொண்ணு வந்துச்சு, அது போதும்."

"ரெண்டும் ஒண்ணுதான?"

அந்த அம்மா பேனாவை நிறுத்தி யோசித்தார். "பாதி ஒண்ணுதான்" என்றார்.

மண்டபமே சிரித்தது. சிவகிரிக்காரரும் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். நான் சிரிக்கவில்லை. சாயங்காலம், படிவம் கேட்காததை நீங்கள் எதற்குக் கேட்கிறீர்கள் என்று கடிந்துகொண்டேன்.

"படிவம் எழுதினவங்களுக்கு நம்ம பக்கம் தெரியாது. இங்க கல்யாணம் பஸ் ரூட்டு மாதிரி. போன வழியிலயே போகும்" என்றார்.

சுகர் உள்ளவர்கள் ஆஸ்பத்திரியில் வேண்டிய அளவு கிடைத்தார்கள். கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து மாத்திரை வாங்க வருகிறவர்கள்தான் அதில் அதிகம். இல்லாதவர்கள்தான் கிடைக்கவில்லை. நோய் இல்லாதவன் எதற்கு ஊசிக்குக் கை நீட்டுகிறான்? அந்தச் சமயத்தில் அவருடைய வாப்பாவுக்கு உடம்பு மோசமாகி அவர் கடையநல்லூருக்குப் போக வேண்டி வந்தது. கவலைப்படாமல் போய் வாருங்கள், நான் ஆள் சேர்க்கிறேன் என்றேன். நான்கே நாளில் சேர்த்தேன். எங்கள் தெருவின் இரண்டு சிறகிலும் உள்ள வீட்டு வரிசைகள், பெரியப்பா மக்கள், சித்தப்பா மக்கள், அவர்கள் சம்பந்தி வீடு, ஒருவரையும் விடவில்லை. எங்கள் சொந்தத்தில் ஒரு வளைகாப்புக்குக் கரிவலத்திலிருந்து வந்திருந்த என் மனைவி வீட்டு ஆட்கள் சிலரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நர்ஸ் ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாய்களில் எண் ஒட்டுவதற்கும் நானே நின்றேன்.

அவர் திரும்பி வந்து பார்த்தார். "யாரு அண்ணாச்சி இவங்க எல்லாம்?"

"எல்லாம் நம்ம ஆட்கள்தான்" என்றேன் பெருமையாக.

அவர் முகம் ஏன் வாடியது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. வாப்பாவை நினைத்து என்று நினைத்தேன்.

அந்த வரிசையில் அடுத்தடுத்து உட்கார்ந்து ரத்தம் கொடுத்த இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருத்தி என் மகள் கோமதி. மற்றவன் இசக்கிராஜா, என் மனைவியின் ஒன்றுவிட்ட அண்ணன் மகன். கரிவலத்தில் உரக்கடை வைத்திருந்தான். எங்கள் தெருவில் எனக்கு முன் யாரும் கரிவலம் பக்கம் பெண் எடுத்ததும் இல்லை, கொடுத்ததும் இல்லை. முதலில் எடுத்தவன் நான். இப்போது கொடுக்கவும் பேசிக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் இருவருக்கும் விருப்பம். அவர்கள் குழாய்களில் எண் ஒட்டியது நான்தான். ஒரு எண்ணைப் பார்த்தால் எனக்கு மறக்காது.

ஆறு மாதம் கழித்து ஒரு மத்தியானம் மொட்டைமாடித் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்க்கப் போனேன். மாடி வீட்டுக் கதவு திறந்திருந்தது. அந்த அம்மா உள்ளே தொழுதுகொண்டிருந்தார். முன்னறை மேஜையில் ஒரு தாள். 'இந்த அடையாளம் உள்ளவர்களின் படிவங்களை மீண்டும் சரிபார்க்கவும்' என்று தலைப்பு. கீழே எண்கள். சுகர்காரர்களிடம் ஏதோ ஓர் அடையாளம் கூடுதலாகத் தெரிகிறது என்று அவர் முந்தின வாரம்தான் சொல்லியிருந்தார். நான் நின்றபடியே வாசித்தேன். கோமதியின் எண் இல்லை. இசக்கிராஜாவின் எண் இருந்தது.

என் மாமனார் சுகரில் ஒரு காலை இழந்தவர். எட்டு வருஷம் அந்தப் புண்ணுக்குக் கட்டு மாற்றியவள் என் மனைவி. என் மகள் அதற்குத்தான் வாழ்க்கைப்பட வேண்டுமா? கீழே இறங்கி வந்து கரிவலத்துக்குப் போன் போட்டு, ஜாதகம் சரிவரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

"மூணு பேரு பாத்துப் பொருந்துச்சுன்னு சொன்ன ஜாதகம், இப்ப உங்களுக்கு மட்டும் பொருந்தலையாக்கும்?" என்றாள் மனைவி.

கோமதி பத்தொன்பது நாள் என்னோடு பேசவில்லை. இருபதாவது நாள் அந்த அம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"கோமதி மாடியில வந்து அழுதுட்டுப் போகுது. என்ன ஜாதகம் அண்ணாச்சி அது?"

நான் மறைக்கவில்லை. கொஞ்சம் கர்வத்தோடுகூடச் சொன்னேன் என்று இப்போது நினைக்கிறேன். "உங்க தாள்ல அவன் நம்பர் இருந்துச்சு."

அவர் அப்படியே நான்காம் படியில் உட்கார்ந்துவிட்டார். "நான் பூட்டி வச்சிருக்கணும். என் தப்பு" என்று இரண்டு தடவை சொன்னார். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பிறகு எழுந்து மேலே போய் நீல நோட்டையும் ஒரு பென்சிலையும் கொண்டு வந்தார். எண் தெரியாமல் ஒரு நீளக் காகிதத்தை வைத்து மறைத்துப் பிடித்துக்கொண்டார். நான் சேர்த்தவர்களையும் அவர் பிறகு கேட்டு எழுதியிருந்தார். தாத்தா பாட்டி ஊரும், சுகர் உண்டா இல்லையா என்பதும், அடையாளம் உண்டா இல்லையா என்பதும் மட்டும் தெரிந்தன.

"எண்ணுங்க. முதல்ல கரிவலம் பக்கத்து ஆளுக மட்டும். சுகர் உள்ளவங்கள்ல எத்தனை பேருக்கு அடையாளம், இல்லாதவங்கள்ல எத்தனை பேருக்குன்னு."

எண்ணினேன். ஏறக்குறைய ஒரே விகிதம்.

"இப்ப உங்க தெரு ஆளுக மட்டும்."

எண்ணினேன். அடையாளமே குறைவு. சுகர் உள்ளவர்களுக்கும் குறைவு, இல்லாதவர்களுக்கும் அதே அளவு குறைவு. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கூட்டினால் மட்டும் சுகர்காரர்களிடம் அடையாளம் எக்கச்சக்கமாக ஏறியது. மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். நான்கு முறை. விடை மாறவில்லை. என் கணக்கு தப்பாக இருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அந்த எண்ணிக்கைகள் எனக்கு இன்றும் நினைவிருக்கின்றன. வெளியே சொல்ல மாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருப்பதால் எழுதவில்லை.

"சுகர்காரங்க பெரும்பாலும் எங்க இருந்து வந்தாங்க?"

"கரிவலம் பக்கம்."

"சுகர் இல்லாதவங்க?"

பென்சிலைக் கீழே வைத்தேன். "நான் கூட்டிட்டு வந்தவங்க."

"அந்த அடையாளம் சுகரை எண்ணல அண்ணாச்சி. யாரு வீட்ல யாரு பொண்ணு எடுத்தாங்கன்னு எண்ணியிருக்கு. ஆபீசுக்குச் சொல்லணும்னுதான் இந்த நோட்டைப் பாதி முடிச்சு வச்சிருந்தேன். அதுக்குள்ள நீங்க முந்திக்கிட்டீங்க."

"அப்ப இசக்கிக்குச் சுகர் வராதுன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

"அதெப்படி? வரலாம்."

"வருமா?"

"வராமலும் இருக்கலாம். நம்ம தேரை இழுக்கதுக்கு வடத்துல எத்தனை கை? அதுமாதிரி சுகருக்கும் ஒரு கை இல்ல. சாப்பாடு, வேலை, வயசு, ஒடம்பு, அதோட எத்தனையோ அடையாளம் கொஞ்சங் கொஞ்சமா."

"பின்ன நீங்க என்னதான் சொல்ல வாரீங்க?" கத்திவிட்டேன்.

"அந்தத் தாளை வச்சு ஒருத்தரைப் பத்தி ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு சொல்லுதேன். நீங்க சொல்லிட்டீங்க. போய் மாத்திச் சொல்லுங்க."

மாற்றிச் சொல்வதென்றால் தாளைப் பார்த்ததையும் சொல்ல வேண்டும். அது அவர் வேலைக்கு ஆகாது என்று எனக்குத் தெரியும். "ஜாதகம் மறுபடி பொருந்திட்டுன்னு சொல்லிருதேன்" என்றேன்.

"வேண்டாம். ஒரு பொய் போதும். என் வேலையை நான் பாத்துக்கிடுதேன்."

மறுநாள் காலை பஸ்ஸில் கரிவலம் போனேன். பதினொரு நிறுத்தம். இசக்கியின் அப்பாவான மச்சானிடம் உரக்கடையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வாயைப் பிளந்து கேட்டார்.

"ஏன் மாப்ள, சுகருக்கா இம்புட்டும்? எங்க தெருவுல சுகர் இல்லாத வீடு ஒண்ணைக் காட்டும் பாப்போம்! அதுக்கு ஏன்யா ஜாதகத்து மேல பழியைப் போட்டீரு? என் வீட்டம்மா நாலு கோயிலுக்கு நேந்து வச்சிருக்கா."

இசக்கிராஜா சிரிக்கவில்லை. உரமூட்டைமேல் உட்கார்ந்திருந்தவன் எழுந்து வந்தான்.

"என் நம்பரை நீங்க பாத்தது தப்பு மாமா."

"தப்புதான்."

"அந்தத் தாள்ல கோமதி நம்பர் இருந்திருந்தா, என்கிட்ட வந்து சொல்லியிருப்பீங்களா?"

அவனுக்குப் பின்னால் இருந்த உரமூட்டைகளை எண்ணத் தொடங்கினேன். அவன் உள்ளே போய் எனக்குத் தண்ணீர் கொண்டு வந்தான். ஆவணியில் கல்யாணம் நடந்தது.

அதற்கு முன்பே அந்த அம்மா மாடியைக் காலி செய்துவிட்டார். தாளைப் பூட்டி வைக்கவில்லை, வீட்டுக்காரர் பார்த்துவிட்டார், அதனால் ஒரு கல்யாணம் நின்றது என்று தானே ஆபீசுக்கு எழுதிப் போட்டுவிட்டார். நோட்டில் கண்டதையும் கூடவே எழுதியிருந்தார். அந்த அடையாளத்தைப் பற்றிய அறிக்கையை நிறுத்திவிட்டார்கள், அவரையும் நிறுத்திவிட்டார்கள். எது எதற்காக என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். "நான் எழுதலைன்னா அந்தத் தாளை நம்புத ஆளு நீங்க ஒருத்தர் மட்டுமா இருக்க மாட்டீங்களே" என்றார். கல்யாணத்துக்கு வந்தார். கோமதியின் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். சாப்பிட்டுவிட்டு மத்தியான பஸ்ஸில் போய்விட்டார்.

ஐந்து வருஷம் கழிந்தது. கோமதி இரண்டாவது பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஏழாம் மாதப் பரிசோதனையில் அவளுக்குச் சுகர் என்றார்கள். கர்ப்பகாலத்தில் வருவது, போய்விடலாம், தங்கவும் செய்யலாம் என்றார்கள். தாளில் எண் இல்லாத என் மகளுக்கு. எண் இருந்த இசக்கிராஜாவுக்கு அன்று வரைக்கும் ஒன்றுமில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டிருந்தான், எனக்குத் தெரியும், நான்தான் துரத்துவேன்.

எனக்கு என்னவோ போல் இருந்தது. வருத்தம்தான். ஆனால் அதற்குள்ளே ஒரு கணக்கு நேராகிவிட்ட மாதிரியும் இருந்தது. அந்த அம்மாவின் போன் நம்பரைத் தேடி எடுத்து அழைத்தேன். எங்கோ மலைப்பக்கத்தில் வேறொரு வேலையில் இருந்தார். பின்னால் ஆட்கள் பேசும் சத்தம் கேட்டது.

"நீங்க சொன்னதுதான் சரி" என்றேன். "அடையாளம் இருக்கவனுக்கு வரல. இல்லாதவளுக்கு வந்திருக்கு. அந்தத் தாள் பொய்யின்னு ருசுவாயிட்டு. உங்களை நிறுத்தினாங்கள்ல, அவங்ககிட்ட இதைச் சொல்லுங்க."

அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"ரெண்டு பேரை வச்சு எப்படி அண்ணாச்சி?" என்றார். "இதுவும் ருசு இல்ல. நாளைக்கே இசக்கிக்கு வந்தா, நான் சொன்னது பொய்யாயிருமா?"

"உங்களுக்குச் சாதகமாத்தான சொல்லுதேன்!"

"சாதகமா இருந்தாலும் ரெண்டு பேரு ரெண்டு பேருதான்."

எனக்கு எரிச்சலாக வந்தது. ஒருவர் தன் பக்கம் பேசுகிற கணக்கைக்கூடத் தள்ளிவிட்டால், நான் எதைப் பிடித்துக்கொள்வது?

"கோமதி எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தேன். வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்டபின் எவ்வளவு, எத்தனை யூனிட் ஊசி என்று பன்னிரண்டு நாள் எழுதி வைத்திருந்தேன். முதல் நாளிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன். மூன்றாம் நாளில் நிறுத்தினார்.

"நம்பரு இருக்கட்டும் அண்ணாச்சி. பிள்ளை எப்படி இருக்கு? பயப்படுதா? தூங்குதா?"

நோட்டைப் புரட்டினேன். அதில் அது இல்லை.

"கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்றேன்.

கோமதி சமையலறையில் தரையில் உட்கார்ந்து, ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்றேன். போனில் அந்த அம்மா காத்திருந்தார்.

"என்னப்பா?" என்றாள் கோமதி. "நோட்டுல எழுதவா? இன்னும் குத்தல."

"இல்ல" என்றேன். அதற்கு மேல் எப்படிக் கேட்பதென்று தெரியாமல், போனை அவள் கையில் கொடுத்துவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.